போனில் வரும் உத்தரவும் செவிலியரின் பணி எல்லையும்

இரவு டூட்டி பார்க்கும் இளம் செவிலியர் ஒருவரின் கேள்வி இது. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரவில் டாக்டர் மருத்துவமனையில் இருப்பதில்லை. போனில் மருந்தைச் சொல்லிவிட்டு, காலையில் வந்து எழுதிவிடுகிறேன் என்கிறார். பல நாட்கள் எழுதுவதில்லை. சொல்லித்தராத வேலைகளையும் செய்யச் சொல்கிறார்கள். தயங்கினால், "இதுகூடத் தெரியாதா?" என்ற பேச்சு. வார்டு இன்சார்ஜ் சிஸ்டரோ, "எல்லாரும் செய்வதுதான், பழகிக்கொள்" என்கிறார். எதை மறுக்கலாம், எப்படி மறுப்பது, விபரீதம் நடந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பலரும் ஏமாந்துபோகும் இடம் அதுதான். "நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன், நீங்கள் போடுங்கள் சிஸ்டர்" என்று டாக்டர் சொல்லும்போது அதை அவர் மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனால் செவிலியராக நர்சிங் கவுன்சிலில் நீங்கள் செய்த பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது. அவர் தம் உத்தரவுக்குப் பதில் சொல்வார். இரவில் டாக்டரே இல்லாமல் வார்டை நடத்தியதற்கு நிர்வாகம் பதில் சொல்லும். ஊசி போட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஒருவர் மாட்டிக்கொள்வதால் இன்னொருவர் தப்பிவிடுவதில்லை.

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் 1962-ல் தீர்ப்பான வழக்கு ஒன்று உண்டு. இன்றும் பல செவிலியர் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லப்படுவது. இதயக் கோளாறுள்ள மூன்று மாதக் குழந்தைக்கு டாக்டர் "லானாக்சின் 3 சி.சி., இன்று ஒரு வேளை" என்று எழுதினார். வாய்வழியா, ஊசியா என்று எழுதவில்லை. அவர் மனதில் இருந்தது குழந்தைகளுக்குக் கொடுக்கும் வாய்வழித் திரவம். அன்று வார்டில் வேலை அதிகம் என்பதால் உதவிக்கு வந்த மூத்த செவிலிய அதிகாரிக்கு, அந்த மருந்து திரவமாகவும் வருகிறது என்பது தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஊசி மருந்து மட்டுமே. அதன் செறிவு திரவத்தைப்போல் ஐந்து மடங்கு. 3 சி.சி. அதிகமாகத் தோன்றியதால் வார்டில் நின்றிருந்த வேறு இரண்டு டாக்டர்களிடம் கேட்டார். டாக்டர் எழுதியிருந்தால் கொடுக்க வேண்டியதுதான் என்கிற ரீதியில் பதில் வந்தது. எழுதிய டாக்டருக்கு அவர் போன் செய்யவில்லை. ஊசி போட்டார். குழந்தை இறந்தது. தெளிவில்லாமல் எழுதிய டாக்டரையும் நீதிமன்றம் குற்றம் கண்டது, செவிலியரையும் கண்டது. அவர் சந்தேகப்பட்டது சரி, கேட்டதும் சரி. ஆனால் கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. தமக்குப் பழக்கமில்லாத வார்டில், பழக்கமில்லாத மருந்தை, சந்தேகம் தீராமலே கொடுத்தார். அவர் அலட்சியமானவர் அல்லர், அனுபவம் குறைந்தவரும் அல்லர். உதவ வந்தவர். அதனால்தான் இந்த வழக்கைச் சொல்கிறேன்.

இனி எதை மறுக்கலாம் என்பது. "இது என் வேலை இல்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நாம் நான்கு வேறு நிலைமைகளைப் போட்டு அடைத்துவிடுகிறோம். அதனால்தான் மறுப்பு பலவீனமாகிறது. எதிரில் இருப்பவருக்கும் அது சாக்குப்போக்காகக் கேட்கிறது. சட்டமோ நர்சிங் கவுன்சிலோ செவிலியர் செய்யவே கூடாது என்று வைத்திருக்கும் செயல் ஒன்று. சட்டம் அனுமதித்தாலும் உங்களுக்குப் பயிற்சி இல்லாத செயல் இன்னொன்று. சட்டமும் உண்டு, பயிற்சியும் உண்டு, ஆனால் உங்கள் மருத்துவமனையின் விதி இடம்தரவில்லை அல்லது எழுதப்பட்ட உத்தரவு இல்லை என்பது மூன்றாவது. நான்காவது, எல்லாம் சரியாக இருந்தும் அந்த வேளையில், அந்த ஆட்களை வைத்துக்கொண்டு அதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாத நிலை.

ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. முதலாவதற்கு "முடியாது" மட்டுமே. அங்கே பேரம் இல்லை. இரண்டாவதற்கு, "எனக்குப் பயிற்சி இல்லை, தெரிந்தவரை அனுப்புங்கள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறேன்" என்பது நேர்மையான பதில். மூன்றாவதற்கு, எழுத்தில் தாருங்கள் என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான்காவதில் நீங்கள் கேட்க வேண்டியது ஆள் அல்லது கருவி. தன் வேலை இதில் எந்த வகையில் முட்டுகிறது என்று சட்டென்று சொல்லத் தெரிந்த செவிலியரை யாரும் எளிதில் மிரட்ட முடியாது.

சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953-ல் ஏற்று, கடைசியாக 2021-ல் திருத்திய நெறிமுறைக் கோவையும் தனிப்பட்ட திறமையின் வரம்பு, அனுமதிக்கப்பட்ட பணி எல்லை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே இருபது ஆண்டு அனுபவமுள்ள ஐ.சி.யூ. செவிலியருக்கு எல்லைக்குள் இருப்பது உங்களுக்கு எல்லைக்கு வெளியே இருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லையைத் தாண்டச் சொல்லும் நெருக்கடி பெரும்பாலும் அதட்டலாக வருவதில்லை. அதட்டலாக வந்தால் எதிர்க்கச் சுலபம். அது பாராட்டாக வரும். "நீங்கள் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை சிஸ்டர்" என்று ஒரு டாக்டர் சொல்லும்போது, அடுத்து அவர் கேட்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல்போலத் தோன்றும். சில வேளைகளில் அது இரக்கமாக வரும்: நோயாளி வலியில் துடிக்கிறார், டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும், உங்களுக்கு மருந்தும் தெரியும் அளவும் தெரியும். இன்னும் சில வேளைகளில் அது வெறும் மௌனம். யாரும் எதையும் செய்யச் சொல்வதில்லை. ஆனால் செய்யாவிட்டால் செய்ய வேறு ஆளே இல்லை. இந்த மூன்றில் கடைசியே கொடியது என்பேன். அங்கே உத்தரவிட்டவர் என்று காட்டக்கூட ஒருவர் இருப்பதில்லை.

மன உறுதி உள்ளவர்கள் மறுத்துவிடுவார்கள், பயந்தவர்கள்தான் பணிவார்கள் என்று நினைக்க வேண்டாம். மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்ளிங்கும் உடனிருந்தவர்களும் 1966-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரவு டூட்டியில் இருந்த 22 செவிலியர்களுக்கு, அவர்கள் பார்த்தே இராத ஒரு 'டாக்டர்' போன் செய்தார். அஸ்ட்ரோட்டன் என்ற மருந்தை 20 மி.கி. கொடுங்கள், பத்து நிமிடத்தில் வந்து கையெழுத்திடுகிறேன் என்றார். ஒரு நாளுக்கு அதிகபட்சம் 10 மி.கி. என்று மருந்தின் லேபிளிலேயே இருந்தது. போனில் உத்தரவு வாங்கக் கூடாது என்பது அந்த மருத்துவமனைகளின் விதி. ஆனாலும் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். வழியில் நிறுத்தி உண்மையைச் சொன்னார்கள். உள்ளே இருந்தது தீங்கில்லாத குளுக்கோஸ். இதே சூழ்நிலையை வேறொரு செவிலியர் குழுவிடம் காகிதத்தில் விவரித்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, 12 பேரில் 10 பேர் கொடுக்க மாட்டேன் என்றார்கள்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் நமக்கு வேண்டியது அடுத்த ஆய்வு. 1977-ல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு மாற்றங்களோடு இதைத் திரும்பச் செய்தார்கள். பெயரே கேள்விப்படாத மருந்துக்குப் பதிலாக, எல்லாருக்கும் பழக்கமான, பதற்றத்தைத் தணிக்கும் வேலியம் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுக்கச் சொன்னார்கள். சக செவிலியர்களிடம் பேசவும் வாய்ப்பு இருந்தது. இந்த முறை 18 பேரில் 2 பேர் மட்டுமே கொடுக்கத் துணிந்தார்கள். மருந்தைப் பற்றிய அறிவும் கலந்து பேச ஒரு துணையும் கிடைத்தவுடன் நிலைமை தலைகீழானது. இரவு 2 மணிக்குத் தனியாக நின்று முடிவெடுப்பதுதான் நம்மைத் தோற்கடிக்கிறது. பக்கத்து வார்டு சிஸ்டரை அழைத்து, "இப்படி ஓர் உத்தரவு, எனக்குச் சரியாகப் படவில்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரு நிமிடம் பேசுங்கள். அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சத்தமாகச் சொல்லும்போதே பல உத்தரவுகளின் அபத்தம் உங்களுக்கே கேட்டுவிடும்.

எப்படி மறுப்பது என்பதற்கு வருகிறேன். என் பதிலின் சாரமே இதுதான்: செயலை மறுங்கள், நோயாளியை மறுக்காதீர்கள். "செய்ய மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால், நோயாளி முன்பு இருந்த அதே ஆபத்தில்தான் இருக்கிறார். மறுப்போடு சேர்த்து மூன்று விஷயங்கள் போக வேண்டும்: நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், என் எல்லைக்குள் நான் என்ன செய்துவிட்டேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும்.

பிரசவ வார்டிலிருந்து ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் இது அடிக்கடி நடக்கிறது. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் டிரிப் ஓடிக்கொண்டிருக்கிறது. வலி மிக நெருக்கமாக வருகிறது, குழந்தையின் துடிப்பு தடுமாறுகிறது. உரையாடல் இப்படிப் போகலாம்.

"டாக்டர், பிரசவ வார்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். மூன்றாம் படுக்கை, முதல் பிரசவம், ஆக்சிடோசின் ஓடுகிறது. கடந்த அரை மணி நேரமாகப் பத்து நிமிடத்துக்கு ஆறு முறை வலி வருகிறது. ஒவ்வொரு வலிக்குப் பிறகும் குழந்தையின் துடிப்பு 90-க்கு இறங்கி மெதுவாகத்தான் ஏறுகிறது. டிரிப்பை நிறுத்திவிட்டேன், அம்மாவை இடப்பக்கம் திருப்பியிருக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்."

"நிறுத்த வேண்டாம் சிஸ்டர், இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். நான் வருவதற்குள் பிரசவம் ஆகிவிடும்."

"இந்தத் துடிப்பை வைத்துக்கொண்டு நான் கூட்ட முடியாது டாக்டர். குழந்தைக்கு ஆபத்து என்று நினைக்கிறேன். எத்தனை நிமிடத்தில் வருவீர்கள்? உடனே வர முடியாது என்றால் இரண்டாவது ஆன்-கால் டாக்டரை இப்போதே அழைக்கிறேன்."

இதில் கோபம் இல்லை, மன்னிப்புக் கேட்டலும் இல்லை. "நான் சின்னப் பெண், எனக்கு என்ன தெரியும்" என்ற குழைவும் இல்லை. இந்த வரிசையில் பேசும் முறைக்கு எஸ்.பி.ஏ.ஆர். என்று பெயர்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. இதில் நான்காவதான வேண்டுகோளைத்தான் நாம் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறோம். "கொஞ்சம் ஒருமாதிரி இருக்கிறது டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவரே புரிந்துகொள்வார் என்று காத்திருக்கிறோம். தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு அது புரியாது. வாருங்கள் என்று சொல்ல வேண்டும்.

முதல் முறை காதில் விழவில்லை என்றால் இன்னொரு முறை, வேறு சொற்களில் சொல்லுங்கள். "எனக்குக் கவலையாக இருக்கிறது", அடுத்து "இதைச் செய்ய எனக்கு ஒப்பவில்லை", அதற்கடுத்து "இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை" என்று மூன்று படிகளாக ஏறுவதை அமெரிக்காவின் குழுப் பயிற்சித் திட்டங்களில் கற்றுத்தருகிறார்கள். 'பாதுகாப்பு' என்ற சொல் வந்ததும் பல டாக்டர்களின் குரல் மாறுவதைக் கவனிக்கலாம்.

இரண்டு முறை சொல்லியும் பயனில்லை என்றால்? மேலே போக வேண்டும். "நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்" என்பதோடு உங்கள் கடமை முடிவதில்லை என்பதை 1965-ல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த டார்லிங் வழக்கு காட்டியது. கால்பந்தாட்டத்தில் காலை முறித்துக்கொண்ட 18 வயது மாணவருக்குக் கட்டுப் போட்டார்கள். அதன்பின் விரல்கள் வீங்கின, கறுத்தன, குளிர்ந்துபோயின. கால் அழுகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அப்படி ஓர் ஆபத்து கண்ணெதிரே வளரும்போது செவிலியர்கள் அதை மருத்துவமனை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது வழக்கின் முக்கியமான அம்சங்களில் ஒன்று. ஆன்-கால் டாக்டர், அவருக்கு மேலே துறைத் தலைவர், இந்தப் பக்கம் நர்சிங் சூப்பரின்டென்டன்ட், மருத்துவக் கண்காணிப்பாளர் என்ற வரிசையில் இரவு நேர எண்களை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டியிருந்தால் அழைக்க மாட்டீர்கள்.

சில உத்தரவுகளைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக இரத்தக் குழாயில் ஏற்றச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும் முடியாது. அது இதயத்தை நிறுத்திவிடும். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே இத்தகைய அடர் கரைசல்களைச் சாதாரண வார்டு ஸ்டாக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. புரோபோஃபால் மயக்க மருந்து அடுத்தது. சிறிய சிகிச்சைதானே, நீங்களே கொஞ்சம் ஏற்றுங்கள் என்பார்கள். மயக்க மருந்துப் பயிற்சி பெற்ற, அந்தச் சிகிச்சையில் ஈடுபடாத ஒருவர்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்று மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது. மிடாசோலம் என்ற மயக்க மருந்தின் விளைவை முறிக்க மருந்து உண்டு, புரோபோஃபாலுக்கு இல்லை. மூச்சு நின்றுவிட்டால் மூச்சுப் பாதையில் குழாய் போடத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். போனின் மறுமுனையில் நின்றால் போதாது. செயற்கைச் சுவாசக் கருவியிலேயே இருக்கும் ஐ.சி.யூ. நோயாளிக்கு ஓடும் டிரிப்பைக் கவனிப்பது வேறு விஷயம். மருந்து ஒன்றுதான், எல்லை மாறுகிறது.

சம்மதப் படிவம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை என்பதால் அதை யாரும் எல்லைமீறலாக நினைப்பதே இல்லை. "நாளைக் காலை ஆபரேஷன், கையெழுத்து வாங்கி வையுங்கள் சிஸ்டர்." அறுவை சிகிச்சை என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்று விளக்க வேண்டியவர் அதைச் செய்யப்போகும் டாக்டர். விளக்கம் நடந்தது, நோயாளி புரிந்துகொண்டு தாமாகவே கையெழுத்திட்டார் என்பதற்கு நீங்கள் சாட்சியாக நிற்கலாம். நோயாளி உங்களைப் பார்த்து, "எதை எடுக்கப்போகிறார்கள் அம்மா?" என்று கேட்டால், அங்கேயே படிவத்தை மூடிவிட்டு டாக்டரை அழையுங்கள். நடக்காத விளக்கத்துக்கு நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், பின்னால் வரும் விசாரணையில் அந்தக் கையெழுத்தை வைத்தே உங்களைக் கேட்பார்கள்.

போன் உத்தரவுகளுக்கு வருகிறேன். போன் உத்தரவு என்றாலே தவறு என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் அது தேவைப்படும். பல மருத்துவமனைகளின் விதியும் அதற்கு இடம் தருகிறது. உத்தரவை வாங்கும்போதே எழுதுங்கள், எழுதியதை அவருக்குத் திரும்பப் படித்துக் காட்டுங்கள், மருந்தின் பெயர், அளவு, வழி, வேளை நான்கையும் அவர் வாயால் உறுதிசெய்யுங்கள். பதினைந்தா ஐம்பதா என்று காது ஏமாற்றும் இடத்தில் "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். முடிந்தால் இன்னொருவரும் அழைப்பைக் கேட்கட்டும். நேரம், உங்கள் பெயர், அவர் பெயர், 'போன் உத்தரவு, திரும்பப் படித்து உறுதிசெய்யப்பட்டது' என்ற குறிப்பு, எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். டாக்டர் பெயரில், டாக்டர் எழுதியதுபோல நீங்கள் எழுதிவைக்கக் கூடாது. உதவிதானே என்று அதைச் செய்பவர்கள் நிறையப் பேர். அவர் உத்தரவே இடவில்லை என்று நாளைக்குச் சொன்னால், நீங்களாகவே மருந்தெழுதியதற்கான ஆதாரம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

மறுத்த சம்பவத்தை எழுதும்போது மனத்தாங்கலைக் கேஸ் ஷீட்டில் கொட்டாதீர்கள். "டாக்டர் அலட்சியமாகப் பேசினார்" என்று எழுதினால் அது சண்டை. "02.10: துடிப்பு 90, டிரிப் நிறுத்தப்பட்டது, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. 02.14: டிரிப்பை அதிகரிக்க உத்தரவு, மேற்படி காரணத்தால் செயல்படுத்தவில்லை, டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. 02.15: இரண்டாம் ஆன்-கால் டாக்டர் அழைக்கப்பட்டார்" என்று எழுதினால் அது பதிவு. மற்றவை சம்பவ அறிக்கையில், சூப்பரின்டென்டன்டுக்குப் போகட்டும். உங்கள் நினைவுக்காகத் தனிக் குறிப்பு வைத்துக்கொள்ளலாம்; ஆனால் நோயாளியின் பெயரோ கேஸ் ஷீட்டின் புகைப்படமோ உங்கள் கைபேசியில் இருக்கக் கூடாது. அது இன்னொரு குற்றமாகி, உங்கள் நியாயத்தை விழுங்கிவிடும்.

இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லும் "எல்லாரும் செய்வதுதான்" என்பதை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். செவிலியரின் பணி எல்லை நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது, நகர்த்தியவர்களில் செவிலியர்களும் உண்டு. மயக்க மருந்து கொடுப்பது மருத்துவம் பார்ப்பதாகாதா என்று ஒரு செவிலியர்மீது தொடுத்த வழக்கில், அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் கொடுப்பது செல்லும் என்று 1936-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சை தரும் செவிலியரான 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பணியே பிறந்தது. பிரிட்டனில் 2006 முதல் கூடுதல் தகுதி பெற்ற செவிலியர்கள் பெரும்பாலான மருந்துகளைத் தாங்களே எழுதலாம். எச்.ஐ.வி. சிகிச்சைக்கு டாக்டர்கள் போதாத நாடுகளில் பணிகளைச் செவிலியர்களுக்கு மாற்றித் தரும் வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. இவை எல்லாவற்றிலும் பயிற்சி இருந்தது, எழுத்து இருந்தது, மேற்பார்வை இருந்தது. கூடுதல் பொறுப்புக்குப் பெயரும் இருந்தது. உங்கள் வார்டில் 'எல்லாரும் செய்வதில்' இவற்றில் எத்தனை இருக்கிறது என்று இன்சார்ஜிடம் கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால், ஒரு டாக்டரின் இரவுச் சம்பளத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டை உங்கள் பதிவுச் சான்றிதழை வைத்து நடத்துகிறார்கள் என்று பொருள்.

மறுபக்கமும் உண்டு. எல்லையைக் கேடயமாக வைத்துக்கொண்டு வேலையிலிருந்து நழுவுபவர்களையும் பார்க்கிறோம். நோயாளி மூச்சுத் திணறும்போது ஆக்சிஜன் வைக்க உத்தரவுக்குக் காத்திருப்பது பணி எல்லை ஆகாது, அது கைவிடல். நெஞ்சை அழுத்துவது, காற்றுப்பாதையைத் திறப்பது, பயிற்சி பெற்றிருந்தால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரைப் பயன்படுத்துவது எல்லாம் உங்கள் வேலையே. ஆனால் அவசரம் என்ற சொல் புதிய திறமை எதையும் உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடாது. குழாய் போடத் தெரியாதவர் அவசரத்திலும் குழாய் போடக் கூடாது; பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே ஆள் கூப்பிட வேண்டும். தினமும் இரவு நடக்கும் ஒன்றை அவசரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு ஆள் போட வேண்டும்.

உங்களுக்கு மேலிருந்து வரும் நெருக்கடியை நீங்கள் கீழே தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது. வேலை குவியும்போது உதவியாளரிடம், "அந்த டிரிப்பில் மருந்தைச் சேர்த்துவிடு" என்று சொல்லிவிடுவோம். அவரும் உங்களைப்போலவே மறுக்கத் தயங்குவார். ஒப்படைத்த வேலைக்கு நீங்களும் பொறுப்பு.

மறுத்தால் வேலை போகுமா என்பதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வியின் அடியில் அது இருக்கிறது. போகலாம். டூட்டி அட்டவணையில் பழிவாங்குவார்கள், இரவு டூட்டி கூடும், அனுபவச் சான்றிதழைத் தாமதிப்பார்கள். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்வது அயோக்கியத்தனம். டெக்சாஸ் மாநிலத்தில் 'பாதுகாப்புத் துறைமுகம்' என்ற பொருள்படும் சட்ட ஏற்பாடு இருக்கிறது: நோயாளிக்குத் தீங்காகும் என்று நம்பும் பணியைச் செய்யச் சொன்னால், செவிலியர் அப்போதே எழுத்தில் அதைப் பதிவு செய்து சகப் பணியாளர் குழுவின் ஆய்வைக் கோரலாம், நல்லெண்ணத்தோடு கோரியவரை நிர்வாகம் பழிவாங்கக் கூடாது. இப்படிப்பட்ட சட்டம் எல்லா இடத்திலும் கிடையாது. அது இல்லாத இடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் காப்பு கூட்டுக் குரல்தான். ஒரு செவிலியர் மறுத்தால் 'திமிர் பிடித்தவர்'. எட்டுப் பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அது நிர்வாகப் பிரச்சினை.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். எந்த டாக்டரின் பெயரும் வேண்டாம், புகாராக எழுதவும் வேண்டாம். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் வார்டில் கையெழுத்தாகாமல் நிற்கும் போன் உத்தரவுகள் எத்தனை, அவற்றில் எந்தெந்த மருந்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பட்டியல் எடுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு மருந்துகளும் இரண்டு மூன்று செயல்களுமே வரும்: காய்ச்சல், வாந்தி, வலி, தூக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கானவை. அவற்றுக்கு டாக்டர்கள் கூடி எழுதிக் கையெழுத்திட்ட நிலையான வழிமுறை வேண்டும் என்று கேளுங்கள்: எந்த நிலையில், எவ்வளவு, எத்தனை முறை, எப்போது டாக்டரை நேரில் அழைக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வழிமுறையில் சேர்க்க முடியாதவற்றுக்கு, இரவில் எந்த டாக்டர் எத்தனை நிமிடத்துக்குள் நேரில் வருவார் என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்தாகாத பழைய உத்தரவுகளின் பட்டியலைக் கடிதத்தோடு இணைத்து, நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.